சுடோகுவில் எளிய, நடுத்தரப் புதிர்களை முடித்துவிடுகிறேன். கடினமானவற்றில் பாதியில் நின்றுவிடுகிறேன். வடிவங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாதியில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, "இங்கே என்ன எண் வரும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "இந்தப் பெட்டியில் (ஒன்பது கட்டங்கள் கொண்ட 3×3 தொகுதியில்) 8 எங்கே வர முடியும்?"

மேல்வரிசைப் பெட்டிகள் மூன்றில், முதல் பெட்டியின் 8 ஒன்றாம் வரிசையிலும் இரண்டாம் பெட்டியின் 8 மூன்றாம் வரிசையிலும் இருக்கிறது என்று வையுங்கள். மூன்றாம் பெட்டியில் 8 இரண்டாம் வரிசையில்தான் வந்தாக வேண்டும். மூன்றே இடம். அதில் ஒன்று ஏற்கெனவே நிரம்பி, இன்னொன்றின் நெடுவரிசையில் கீழே ஒரு 8 இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அதிக முறை வந்துள்ள எண்ணிலிருந்து இப்படித் தேடத் தொடங்குங்கள்.

அடுத்தது குறிப்பெழுதும் முறை. எல்லாக் கட்டத்திலும் எல்லா வாய்ப்புகளையும் எடுத்தவுடன் எழுதினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டே இடம் மிஞ்சும்போது மட்டும் அந்த இரண்டின் மூலையிலும் சிறிதாக எழுதுங்கள். உலக சுடோகு சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்ற தாமஸ் ஸ்னைடரின் பெயரால் அழைக்கப்படும் முறை இது. இதில் வடிவங்கள் தாமாகவே எழும். குறித்த இரண்டு 5-களும் ஒரே வரிசையில் விழுந்தால், மற்ற இரு பெட்டிகளுக்குள் செல்லும் அந்த வரிசையின் கட்டங்களில் 5 வராது. ஒரு பெட்டியில் 3, 7 இரண்டும் அதே இரு கட்டங்களில் குறிக்கப்பட்டிருந்தால், அந்த இரண்டிலும் வேறெந்த எண்ணும் நுழையாது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு கட்டத்தின் மூலையில் 4, 7 என்று இருப்பதால் அங்கே 4 அல்லது 7தான் வரும் என்று பொருள் இல்லை. 4-இன் ஜோடி ஒரு பக்கமும் 7-இன் ஜோடி வேறு பக்கமும் இருக்கலாம். அப்போது அந்தக் கட்டத்தில் 2 கூட வரலாம். இரு கட்டங்களிலும் அதே இரு எண்கள் இருந்தால்தான் அது பூட்டிய ஜோடி.

இந்த வழி ஓய்ந்த பிறகு எல்லா வாய்ப்புகளையும் எழுதுங்கள். இப்போது மும்மைகளை, அதாவது மூன்று எண்களை மட்டுமே தமக்குள் பகிர்ந்துகொள்ளும் மூன்று கட்டங்களைத் தேடலாம். மூன்று கட்டங்களிலும் மூன்று எண்களும் இருக்க வேண்டியதில்லை. ஒரே வரிசையில் 1-2, 2-9, 1-9 என்று மூன்று கட்டங்கள் இருந்தாலே போதும்; அந்த வரிசையின் மற்ற கட்டங்களில் 1, 2, 9 மூன்றையும் அழித்துவிடலாம். இதைத் தவறவிடுபவர்கள் மிக அதிகம்.

அடுத்து எக்ஸ்-விங் என்ற வடிவம். இரண்டாம் வரிசையில் 6-க்கு 3, 8ஆம் நெடுவரிசைகளில் மட்டுமே இடம். ஏழாம் வரிசையிலும் அதே இரு நெடுவரிசைகளில் மட்டுமே இடம். இரண்டு 6-களும் குறுக்காகத்தான் அமர முடியும். அதனால் அந்த இரு நெடுவரிசைகளின் மற்ற வரிசைகளில் 6-ஐ அடிக்கலாம். ஏழாம் வரிசையில் மூன்றாவதாக ஓர் இடம் இருந்தாலும் இது செல்லாது. அதை எண்ணிப் பார்க்காமல் அழிப்பதால்தான் பத்து நிமிடம் கழித்து ஒரே வரிசையில் இரண்டு 6 வந்து நிற்கிறது.

ஓர் எண்ணை எழுதியவுடன் அது பாதிக்கும் 20 கட்டங்களிலும் (வரிசையில் 8, நெடுவரிசையில் 8, பெட்டியில் மீதி 4) அந்தக் குறிப்பை உடனே அழித்துவிடுங்கள். அழிக்காமல் விட்ட ஒரு குறிப்பு, கண்ணெதிரே இருக்கும் ஜோடியை மூன்று எண் கொண்ட கட்டமாகக் காட்டி மறைத்துவிடும்.