வாசகர் கேள்வி: இன்ஃபான்டிசைடுன்னா என்ன?

கேள்வி: சிங்கத்தப் பத்தின டாக்குமெண்டரி ஒண்ணுல, புதுசா கூட்டத்த புடிச்ச ஆண் சிங்கம் பழைய குட்டிங்கள கொன்னுடுறத 'இன்ஃபான்டிசைட்'னு சொன்னாங்க. அது மனுஷங்க செய்யற குற்றத்தோட பேராச்சே? எங்கேருந்து வந்த வார்த்தை இது?

பதில்: ரெண்டுக்கும் அதே பேர்தாங்க, நாம சிசுக்கொலைன்னு சொல்றோம். மூலம் லத்தீன். 'இன்'னா இல்லாத, 'ஃபாரி'ன்னா பேசுறது, ரெண்டும் சேர்ந்த 'இன்ஃபான்ஸ்'னா இன்னும் பேச்சு வராத புள்ள. வாலா ஒட்டியிருக்கற 'சைட்', வெட்டு கொல்லுன்னு அர்த்தம் வர்ற 'கைடேரே'லேருந்து வந்தது, சூசைட், ஹோமிசைட், ஏன் பெஸ்டிசைட் வரைக்கும் அதே வால்தான். காலாட்படைய இன்ஃபான்ட்ரின்னு சொல்றதும் இந்த இன்ஃபான்ஸ் வழியில வந்ததுதான், சின்னப் பசங்க, அப்புறம் நடந்து போற சிப்பாய்ங்கன்னு இத்தாலியன்ல அர்த்தம் மாறிப்போச்சு.

வார்த்தை ரொம்பப் பழசு. கி.பி. 197 வாக்குல தெர்துல்லியன்னு ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர், கிறிஸ்தவங்க குழந்தைய பலி கொடுக்கறாங்கன்னு ரோமர்கள் கெளப்பிவிட்ட புரளிக்கு பதில் எழுதறப்போ இந்த சொல்ல போடறாரு, பொறந்த புள்ளய வெளில போட்டு சாக விடறது நீங்கதானய்யான்னு திருப்பியும் கேட்டுட்டாரு. கேட்டதுல தப்பே இல்ல, ரோம்ல சிசுவ கொல்றத கொலைக் குற்றம்னு சட்டம் போட்டதே 374ல தான்.

இன்னிக்கு பொதுவா ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைய கொல்றதுதான் இன்ஃபான்டிசைட். ஆனா இங்கிலாந்து சட்டத்துல இது இன்னும் குறுகலு. 1938 சட்டப்படி, பிரசவத்தால மனநிலை பாதிச்ச தாய் தன்னோட 12 மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைய கொன்னா மட்டும்தான் இந்தப் பேரு, தண்டனையும் கொலைக்கு உள்ளது கெடையாது, அதே வீட்ல அப்பா செஞ்சா நேரா கொலை கேஸ். பொறந்த 24 மணி நேரத்துக்குள்ள கொல்றத தனியா பிரிச்சு 'நியோநேட்டிசைட்'னு 1970ல ரெஸ்னிக்குங்கற மனநல டாக்டர் பேர் வெச்சாரு. 'ஃபிலிசைட்'னா பெத்தவங்களே புள்ளய கொல்றது, புள்ளைக்கு என்ன வயசுன்னாலும்.

எனக்கு எரிச்சல் வர்ற எடம் ஒண்ணு இருக்கு. ஸ்கேன்ல பொண்ணுன்னு தெரிஞ்சு கலைக்கறதையும் பல பேர் பெண் சிசுக்கொலைன்னே எழுதறாங்க. அது கருக்கொலை, 'ஃபீட்டிசைட்', அதுக்கு சட்டமே வேற. இன்ஃபான்ஸ்னா பொறந்த புள்ள, வயித்துல இருக்கறது இல்ல.