நடக்க நேரம் இல்லை என்பவர்களுக்கு

கேள்வி: காலை எட்டரைக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தால் மாலை ஆறரை வரை அதே நாற்காலிதான். அரை மணி நேரமாவது சேர்ந்தாற்போல் நடந்தால்தான் பலன் என்கிறார்கள். அந்த அரை மணி எனக்குக் கிடைப்பதே இல்லை. அங்கே ஐந்து நிமிடம், இங்கே எட்டு நிமிடம் என்று நடப்பதெல்லாம் வீண்தானா?

பதில்: வீணே இல்லை. 'சேர்ந்தாற்போல்' என்பது பழைய கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரையில், ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று இருந்தது. 2020-இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். இப்போது பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு என்பதுதான் கணக்கு, அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது நம் பாடு. 150-ஐ ஏழு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 21 நிமிடம் சொச்சம்தான் வருகிறது.

நடப்பதற்கென்று நேரம் ஒதுக்கவே பார்க்காதீர்கள் என்பேன். அவசரம் என்று ஒன்று வந்தால் முதலில் பறிபோவது அப்படி ஒதுக்கிய நேரம்தான். தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு கால்களைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். போன் பேசுவதுதான் இதற்கு ரொம்ப வசதி. மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும், பேசி முடிக்கும் வரை உட்காரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அப்புறம் மேசை மேல் இருக்கும் பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு சின்ன டம்ளரை வையுங்கள், தீரத் தீர எழுந்து போய்ப் பிடித்து வரலாம் (குடித்த தண்ணீரும் தன் பங்குக்கு இன்னொரு தடவை எழுப்பும்). நாலு மேசை தள்ளி இருப்பவருக்கு மெசேஜ் அனுப்பாமல் நேரில் போய்க் கேட்கலாம். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடங்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள், ஆனால் மாலையில் களைத்துப்போய் வருகிறவர் யார் இறங்கப் போகிறார்? அதைக் காலையில் வைத்துக்கொண்டால் ஒருவேளை நடக்கும்.

1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை வைத்து வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. அவர்கள் யாரும் உடற்பயிற்சி என்று நினைத்து ஏறவில்லை, டிக்கெட் கொடுக்கத்தான் ஏறினார்கள். பிற்பாடு சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது ஓட்டுநர்களுக்கு இளம் வயதிலேயே இடுப்பளவு கூடுதல் என்றும் தெரிய வந்தது, அதனால் முழுப் பெருமையையும் படிக்கட்டுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் வேலைக்கு நடுவே வருகிற அசைவுக்கும் மதிப்பு உண்டு என்ற பேச்சு சூடுபிடித்தது அங்கிருந்துதான்.

கேள்வி: என் போன் தினமும் ஆறாயிரம் ஸ்டெப்ஸ் சொச்சம்தான் காட்டுகிறது. பத்தாயிரம் ஆக்குவதற்காக ராத்திரி பதினொரு மணிக்குக் கூடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: பதினொரு மணிக்குத் தூங்குங்கள், அதுவும் உடம்புக்கு வேண்டியதுதான். பத்தாயிரம் என்பது எந்த மருத்துவரும் சோதித்துச் சொன்ன எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானில் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணும் கருவியை அந்த எண்ணைப் பெயராக வைத்து விற்றது. முழு எண்ணாக இருந்ததால் மனதில் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், தினமும் 2,700 ஸ்டெப்ஸ் அளவில் நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகவே குறைவாக இருந்தது. 7,500 வரை போகப் போக இன்னும் குறைந்தது, அதற்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. வயது குறைந்தவர்களுக்கு இந்த எல்லை கொஞ்சம் மேலே, எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் வருகிறது. உடம்பு முடியாதவர்கள் குறைவாகத்தான் நடப்பார்கள் என்பதும் இந்தக் கணக்குகளில் ஓரளவு கலந்திருக்கும். ஆகவே உங்கள் ஆறாயிரம் ஒன்றும் தோல்வி இல்லை, பகலில் பத்து நிமிடம் விறுவிறுவென்று நடந்தால் இன்னொரு ஆயிரம் சேரும். போனை மேசையிலேயே வைத்துவிட்டு நடந்ததெல்லாம் அதன் கணக்கில் வராது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: விடிந்தது முதல் வீட்டு வேலை, உட்காரவே நேரமில்லை. இதற்கு மேல் தனியாக வேறு நடக்க வேண்டும் என்கிறாள் மகள்.

பதில்: உட்கார்ந்தே இருப்பதால் வரும் கெடுதல் உங்களுக்குக் குறைவு, அது பெரிய லாபம்தான். ஆனால் அடுப்புக்கும் மேடைக்கும் நடுவே இரண்டு எட்டு வைத்து நிற்பதில் மூச்சு கொஞ்சமும் கூடுவதில்லை. நிமிடத்துக்குச் சுமார் 100 ஸ்டெப்ஸ் என்கிற வேகத்தில் நடந்தால் மிதமான உழைப்பு. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. அந்த வேகத்தில் நாளுக்கு இரண்டு பத்து நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்துக்கு வீட்டு வேலையை மகள் பார்த்துக்கொள்ளட்டும், அவளுக்கும் அசைவு கிடைக்கும்.

கேள்வி: மாமியாருக்கு மூட்டுத் தேய்மானம். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று எழுந்திருக்கவே பயப்படுகிறார்.

பதில்: பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் வலிக்கிறது. ஆனால் மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விட்டால் நீரை உறிஞ்சும் பஞ்சு போல, மூட்டு அசையும்போதுதான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்குச் சத்து போகிறது. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது முட்டி இறுக்கமாக இருப்பதை அவரே கவனித்திருப்பார்.

முதலில் நடையைக்கூட விடுங்கள், தொடை பலப்பட வேண்டும். கைப்பிடியுள்ள, கொஞ்சம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாகத் திரும்ப உட்காரச் சொல்லுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. ஐந்து தடவை போதும், பழகப் பழகக் கூட்டலாம். பிறகு சமதளத்தில் சின்னச் சின்ன நடை. படி ஏறுவதைவிட இறங்குவது முட்டிக்குக் கஷ்டம், அதைப் பிடித்துக்கொண்டே செய்யட்டும். நடக்கும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி கூடுதலாகவே இருந்தால் அளவைக் குறையுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சாப்பிட்ட உடனே நடக்கலாமா?

பதில்: தாராளமாக, மெதுவாக, பத்து நிமிடம். வேலை செய்கிற தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, அதனால் சாப்பாட்டுக்குப் பின் எகிறும் அளவு கொஞ்சம் அடங்கும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் சர்க்கரை தாழ்ந்துவிடாமல் இருக்க மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கிவிட்டேன். போதாதா?

பதில்: போதாது. அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை, கால்தான் வீங்கும்.

கேள்வி: கொஞ்ச தூரம் நடந்ததுமே கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. நடந்து நடந்து பழக்கிக்கொள்ளலாமா?

பதில்: அதற்கு முன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். நடந்தால் வருவதும் நின்றால் போவதும் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம், புகைப் பழக்கமோ சர்க்கரை நோயோ இருந்தால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். அதுதான் காரணம் என்றால், வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியை அவர்களே சிகிச்சையாகக் கொடுப்பார்கள். ஆனால் எவ்வளவு தூரம், எந்த வேகம் என்பதை அவர்கள் சொல்லட்டும், இந்த வாரமே போய் வாருங்கள்.