குச்சிக் கணக்கும் ரொட்டிக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சோவியத் கூட்டுப்பண்ணைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான பக்கங்களில் டிராக்டர் ஓட்டும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். சில சந்தேகங்கள். தானியத்தை விளைவித்தவனே களத்தில் நிற்கிறான், அவன் எப்படிப் பட்டினி கிடப்பான்? கைதிகளைக் கட்டாய வேலை வாங்கிய குலாக் முகாம்களில் அதிகம் உழைத்தவனுக்கு அதிக ரொட்டி என்கிறார்கள். கடுமைதான், ஆனால் அதில் ஒரு நியாயம் இல்லையா? கூடுதலாக உழைத்து உயிர்பிழைத்திருக்கலாமே? குலாக்குகள் எல்லோரும் குலாக்குக்குத்தான் அனுப்பப்பட்டார்களா? பண்ணை பிடிக்கவில்லை என்றால் ஊரைவிட்டுப் போக என்ன தடை?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

குலாக்குகள் குலாக்குக்குப் போனார்களா என்ற எளிய கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு வெவ்வேறு ரஷ்யச் சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுவதால் வரும் குழப்பம் இது. ஒன்று, முகாம்களின் தலைமை நிர்வாகம் என்பதன் சுருக்கம். மற்றது வசதியான விவசாயியைக் குறிக்கும் வசைச்சொல், நேர்ப்பொருள் 'கைமுட்டி'. 1930-31இல் மட்டும் சுமார் 18 லட்சம் பேர் அந்த வசையோடு குடும்பம் குடும்பமாக நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் போனது முள்வேலி முகாமுக்கு அல்ல. உரால், சைபீரியா, கஸக்ஸ்தான் பக்கம் இருந்த 'தனிக் குடியிருப்பு'களுக்கு. வேலி கிடையாது, வெளியேற அனுமதியும் கிடையாது. குழப்பம் வராதிருக்க, குலாக்கை இனி நான் 'முகாம்' என்றே எழுதுகிறேன்.

இனி பட்டினிக்கு வருவோம். நம்மூர் வாரச் சாகுபடியில் களத்துக் குவியல் எவ்வளவோ அதைத்தான் பிரிப்பார்கள். விளைச்சல் குறைந்தால் நிலக்காரருக்கும் குறையும். விவசாயிகளின் நிலங்களை ஒன்றுசேர்த்து அமைத்த கூட்டுப்பண்ணையில் விவசாயிக்கு இப்படி ஒரு விகிதமே இல்லை. அவன் கணக்கு 'உழைப்பு நாள்' என்ற அலகில் ஓடியது. பெயர்தான் நாள். காவல், களையெடுப்பு மாதிரி வேலைகளுக்கு ஒரு நாள் முழுக்கச் செய்தாலும் அரை அலகு. டிராக்டர் ஓட்டுபவருக்கு இரண்டு வரை. அன்றைய இலக்கை முடிக்காவிட்டால் அதிலும் வெட்டு. குழுத்தலைவர் நோட்டில் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடுவார். 'குச்சிக்கு உழைக்கிறோம்' என்பது கிராமத்தில் வழங்கிய பேச்சு. ஒரு குச்சியின் மதிப்பு என்ன என்பது அறுவடை முடிந்து, மற்றவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகுதான் தெரியவரும்.

எடுக்கும் வரிசை இது: முதலில் அரசுக் கொள்முதல், பெயரளவு விலைக்கு. அடுத்து இயந்திர-டிராக்டர் நிலையத்துக்குக் கூலி, தானியமாகவே. 1958 வரை பெரிய இயந்திரங்கள் பண்ணைக்குச் சொந்தமில்லை, நிலையத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். பிறகு விதை, தீவனம். மிஞ்சியதைக் குச்சிகளின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் கூலி.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. 1933 முதல் விளைச்சலைக் களத்தில் எடைபோட்டுக் கணக்கிடவில்லை. நிற்கும் பயிரைப் பார்த்து மதிப்பிட்டார்கள். இதற்கு 'உயிரியல் விளைச்சல்' என்று பெயர். அறுவடையில் சிந்துவது, மழையில் முளைப்பது, போரடியில் போவது, எலி தின்பது எல்லாம் அந்த எண்ணுக்குள் அடக்கம். ஸ்டாலின் இறந்த பிறகே, 1953இல், இந்த முறை கைவிடப்பட்டது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள், எண்கள் நான் வைப்பவை. 100 ஹெக்டேர், மதிப்பீடு ஹெக்டேருக்கு 10 குவிண்டால், ஏட்டில் 1,000. களத்தில் தேறியது 720. கொள்முதல் 250, டிராக்டர் கூலி 150, விதை 150, தீவனம் 80, ஆக 630. ஏட்டின்படி மிச்சம் 370 குவிண்டால், களத்தில் இருப்பது 90. ஆண்டில் மொத்தம் 9,000 குச்சி என்றால், ஏட்டில் குச்சிக்கு 4 கிலோ, கையில் ஒரு கிலோ. விளைச்சலில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிசகியதற்குக் கூலியில் நாலில் மூன்று பங்கு போய்விடுகிறது. மொத்தப் பிழையும் வரிசையில் கடைசியில் நிற்பவன் தலையில்தான் விழும். டிராக்டர் நிலையத்தின் கூலியோ அந்த உயர்ந்த மதிப்பீட்டை வைத்தே நிர்ணயிக்கப்பட்டது.

இப்போது கணவனும் மனைவியும் சேர்ந்து 400 குச்சி சம்பாதித்திருக்கிறார்கள், வீட்டில் ஐந்து வாய். தலைக்கு ஒரு நாளைக்கு 220 கிராம் தானியம். அரைத்துச் சுட்டால் சுமார் 300 கிராம் ரொட்டி. இந்த 300ஐ நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

அதற்குப் பிறகும் குடும்பம் உயிரோடிருந்தது வீட்டுக்கொல்லையால். 1935 விதிகளின்படி பெரும்பாலான பகுதிகளில் கால் முதல் அரை ஹெக்டேர், ஒரு பசு. உருளைக்கிழங்கும் பாலும் அங்கிருந்துதான். அதற்கும் வரி, அதற்கு மேல் பாலும் இறைச்சியும் முட்டையும் அளக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழமரத்துக்கு விதித்த வரிக்குப் பயந்து மரத்தையே வெட்டிப்போட்டவர்கள் உண்டு.

1932-33 பஞ்சத்தில் இந்த இயந்திரம் உச்சத்துக்குப் போனது. உக்ரைனில் கொள்முதல் இலக்கை எட்டாத பண்ணைகளிடமிருந்து விதைத் தானியத்தையும் எடுக்க உத்தரவு வந்தது. 1932 ஆகஸ்ட் 7 சட்டப்படி பண்ணைச் சொத்தைத் திருடினால் சுட்டுக் கொல்லலாம்; இரங்கத்தக்க காரணம் இருந்தால் 10 ஆண்டு. அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கியவர்கள் மேலும் இது பாய்ந்ததால் 'கதிர்ச் சட்டம்' என்றே ஊரில் பெயர். இப்படிப் பண்ணையிலிருந்து முகாமுக்கு நேர்வழி ஒன்று இருந்தது.

முகாமில் ரொட்டி வேலை அளவைப் பொறுத்தது. ஆண்டுக்கும் இடத்துக்கும் தகுந்து மாறினாலும், பல முகாம்களில் தண்டனை அளவு 300 கிராம். இலக்கை முடித்தவனுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. தாண்டினால் இன்னும் கொஞ்சம். நீங்கள் கேட்கும் நியாயம் உடைவது இந்தக் 'கொஞ்சத்தில்'தான். உதாரணத்துக்கு, கூடுதலாக 200 கிராம் கறுப்பு ரொட்டி (கோதுமை போன்ற ரை தானியத்தில் சுட்டது) கிடைத்தால் அதில் சுமார் 400 கலோரி. உறைபனியில் கைவாளால் மரம் அறுப்பவனுக்கு ஒரு நாளில் 4,000 கலோரிக்கு மேல் செலவு. முழு அளவு வாங்கினாலும் அது ஈடாகாது; கூடுதல் ரொட்டிக்காக உழைப்பவன் வாங்கியதைவிட அதிகம் எரித்துவிடுவான். 'சின்ன ரொட்டி கொல்லாது, பெரிய ரொட்டிதான் கொல்லும்' என்ற முகாம் வழக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. போதாததற்கு, இன்று கிடைக்கும் ரொட்டி முன்னர் செய்த வேலைக்கு. ஒருமுறை காய்ச்சலில் படுத்தால் அளவு குறையும், குறைந்தால் பலம் போகும், அடுத்த இலக்கும் தவறும். இந்தச் சரிவில் போனவனை முகாமில் 'தொஹத்யாகா' என்பார்கள், முடிவை நெருங்குபவன். வைட்டமின் குறைவால் வரும் பெல்லாக்ராவில் தோல் உரியும், ஸ்கர்வியில் ஈறு வீங்கும். மருந்து என்று ஊசியிலைக் கஷாயம்.

ரொட்டியிலும் ஏமாற்று. ஈரம் அதிகம் விட்டுச் சுட்டால் எடை நிற்கும், மாவு குறையும். ஓரத்துண்டில் ஈரம் குறைவு என்பதால் அதற்குத்தான் போட்டி.

பிழைத்தவர்கள் பெரும்பாலும் மரம் அறுப்பு போன்ற பொதுவேலையிலிருந்து தப்பி வேறு வேலை பெற்றவர்கள்: சமையற்கட்டு, அலுவலகம், மருத்துவக்கூடம். மற்றவர்களுக்கு 'துஃப்தா', அதாவது பொய்க்கணக்கு. ஏற்கெனவே எண்ணி முத்திரை குத்திய மரத்தின் முனையை ஒரு வில்லை மெல்லிசாக அறுத்தெடுத்தால் முத்திரை போய்விடும். அதே மரத்தை மறுபடி எண்ணலாம். குழுவுக்கு ரொட்டி, மேற்பார்வையாளருக்கு நல்ல பெயர், முகாம் தலைவருக்கு இலக்கு நிறைவு. இல்லாத மரம் ஆற்றில் மிதந்து போகும்போது காணாமல் போனதாக எழுதிவிடலாம். பண்ணை ஏட்டின் இல்லாத கோதுமைக்கு இது தம்பி. ஒன்று விவசாயியைக் கொன்றது, மற்றது கைதியைக் காப்பாற்றியது, அதுதான் வித்தியாசம். காப்பாற்றியதும் ஓரளவே: போரால் வரத்து வற்றிய 1942இல் முகாம்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்தார்.

ஊரைவிட்டுப் போவது பற்றி. 1932 டிசம்பர் 27 அன்று உள்நாட்டுக் கடவுச்சீட்டு வந்தது. நகரத்தில் வாழ அது வேண்டும். பொதுவாகக் கூட்டுப்பண்ணைக்காரருக்கு அது கொடுக்கப்படவில்லை. ராணுவம், தொழிற்பயிற்சிப் பள்ளி, ஆலைக்கு ஆள்சேர்ப்பு என்று சந்துகள் இருந்தன, இளைஞர்கள் அவற்றில் நழுவினார்கள். மற்றவர்களுக்கு ஊர்ச் சபை தரும் தற்காலிகச் சீட்டு. தங்கிவிட்டவர்களுக்கு 1939 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60 முதல் 100 குச்சி, 1942இல் அது 100 முதல் 150. குறைந்தால் வழக்கு. மாதக் கூலி உறுதியானது 1966இல். கடவுச்சீட்டு எல்லோருக்கும் என்ற ஆணை 1974இல் வந்தது, 1976இல் கொடுக்க ஆரம்பித்தார்கள், முடிப்பதற்கு 1981 வரை அவகாசம் வைத்திருந்தார்கள்.