புயல் கலைத்த சனிக்கிழமை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், 2016 அக்டோபரில் மேத்யூ சூறாவளியால் தள்ளிப்போன ஒரு கல்லூரி ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமும் அக்டோபர் 8 அன்று, ஃப்ளோரிடா அணியின் சொந்த ஊரான கெயின்ஸ்வில் நகரில் மோதவிருந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் அது. எப்போது, யார் ஊரில் ஆடுவது என்று இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு வாரம் முட்டிக்கொண்டன. அந்த ஒரு பத்திக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த ஆண்டு நான் கெயின்ஸ்வில்லில்தான் குடியிருந்தேன். அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: கல்லூரி மாணவர்களின் ஆட்டம்தானே? அடுத்த வாரம் வைத்துக்கொண்டால் முடிந்தது. இதற்கு ஏன் ஒரு வாரம் சண்டை? (ஒரு வாசகர், சேலம்)

அடுத்த வாரம் என்று ஒன்று இருந்திருந்தால் சண்டையே வந்திருக்காது. இந்தப் பருவம் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். ஓர் அணிக்கு மொத்தம் 12 ஆட்டங்கள். அப்போது அவற்றில் எட்டு, தன் லீக்குக்குள். இந்த இரு அணிகளும் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்கு லீக்கைச் சேர்ந்தவை. உடல் நொறுங்கும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட முடியாது. நடுவில் ஓய்வு வாரம் ஒன்று கிடைக்கும். அந்த ஆண்டு ஃப்ளோரிடாவின் ஓய்வு வாரம் அக்டோபர் 22-இல் வந்தது. லூசியானாவுக்கோ அக்டோபர் 29. ஒரே ஒரு வாரம் இடறியது. இரண்டும் ஒரே சனிக்கிழமையில் விழுந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

மிஞ்சியது நவம்பர் 19. அன்று லூசியானா தன் ஊரில் சவுத் அலபாமாவுடனும், ஃப்ளோரிடா தன் ஊரில் பிரெஸ்பிடீரியன் கல்லூரியுடனும் ஆடுவதாக ஒப்பந்தம். லீக்குக்கு வெளியே உள்ள அந்த இரண்டு ஆட்டங்களையும் விலக்கினால்தான் இடம் கிடைக்கும். விலக்கினால் அந்தச் சிறிய கல்லூரிகளுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும்.

சரி, ஆட்டத்தையே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் பெரிய சிக்கல். அப்போதெல்லாம், ஃப்ளோரிடாவும் டென்னசியும் இருந்த லீக்கின் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடிப்பவர் லீக்கின் இறுதிப் போட்டிக்குப் போவார். அந்த இடம் வெற்றி விகிதத்தால் முடிவானது. செப்டம்பர் 24 அன்று டென்னசி அணி ஃப்ளோரிடாவை 38–28 என்று வென்றிருந்தது. இப்போது ஃப்ளோரிடா ஏழே ஆட்டம் ஆடி ஆறில் வென்று, டென்னசி எட்டு ஆடி ஆறில் வென்றால் என்ன ஆகும்? நேருக்கு நேர் தோற்ற அணி, ஓர் ஆட்டம் குறைவாக ஆடிய காரணத்தாலேயே மேலே போய்விடும். டென்னசிக்காரர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்களா? நானாக இருந்தாலும் பொறுத்திருக்க மாட்டேன்.

கே: கெயின்ஸ்வில் கடலோர நகரம் அல்லவே. அங்கே பெரிய சேதமும் இல்லை என்று படித்தேன். வீணாகப் பயந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள் என்று லூசியானா ரசிகர்கள் சொன்னது நியாயம்தானே? (ஒரு வாசகி, கடலூர்)

கடலூரிலிருந்து இந்தக் கேள்வி வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது, அம்மா. புயல் கடைசி நேரத்தில் திரும்பிப் போய்விடுவதையும், திரும்பாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆட்டத்தை ஒத்திவைத்தது அக்டோபர் 6, வியாழக்கிழமை. அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது என்று பாருங்கள். இரண்டு நாள் முன்னால் அதே புயல் ஹைட்டியில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றிருந்தது. ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையை ஒட்டி அது மேலேறி வரும் என்று கணிப்பு. சுமார் 15 லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லியிருந்தது மாநில அரசு. புயலின் கண் கரையேறாமல் கடலோடு வடக்கே போனது வெள்ளிக்கிழமை தெரிந்த செய்தி. வெள்ளிக்கிழமைச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வியாழக்கிழமை முடிவைக் குறை சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

கெயின்ஸ்வில் அட்லாண்டிக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம். கரையோர மக்கள் ஓடி வந்து ஒதுங்கும் ஊர் அது. டேட்டோனா பீச் பக்கம் வேலை பார்த்த ஒரு தமிழ்க் குடும்பம் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தது. நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல்களில் அவர்களுக்கு அறை கிடைக்கவில்லை. கடையில் தண்ணீர் பாட்டில் அடுக்கும் தட்டுகள் வெறுமையாக இருந்தன. பெட்ரோல் பங்க்கில் வரிசை சாலை வரை நீண்டிருந்தது.

இந்த ஊரின் விளையாட்டரங்கம் 88,000 பேருக்கு மேல் கொள்ளும். ஆட்ட நாளில் ஊரின் மக்கள்தொகையே பெருகிவிடும். சாலைக்குச் சாலை காவலர், வாசலுக்கு வாசல் ஆம்புலன்ஸ், பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் வரவழைக்கப்படும் போலீஸார். இவர்கள் எல்லாரும் அந்த வாரம் கரையோரத்தில் தேவைப்பட்டவர்கள். ஒரு காவலர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. வந்து ஒதுங்கியவர்களை ஹோட்டலிலிருந்து கிளப்பிவிட்டு ரசிகர்களுக்கு அறை கொடுக்கவும் முடியாது. லூசியானா தரப்பு ஞாயிறு, திங்கள் என்று மாற்று நாள்களை முன்வைத்ததாகச் சொன்னது. அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள் என்றே நம்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் கூடத்தில் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே புயலில், அதே லீக்கில், ஜார்ஜியா–சவுத் கரோலினா ஆட்டம் சவுத் கரோலினாவின் கொலம்பியா நகரில் சனிக்கிழமைக்குப் பதில் ஞாயிறு, அக்டோபர் 9 அன்று நடந்துவிட்டது. ஜார்ஜியா 28–14 என்று வென்றது. ஆகவே ஒருநாள் தள்ளுவது எங்கேயும் நடக்காத காரியம் அல்ல. ஊருக்கு ஊர் நிலைமை வேறு. அதை அந்தந்த ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

கே: அதே 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. ஆனாலும் 16-ஆம் தேதி சேப்பாக்கத்தில் டெஸ்ட் தொடங்கியதே? (ஒரு வாசகர், திருவல்லிக்கேணி)

தொடங்கியது. நிலக்கரித் தணலை வைத்து ஆடுகளத்தை உலர்த்திய படங்களை அமெரிக்காவில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 எடுத்த டெஸ்ட் அது. அந்த மைதான ஊழியர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் வர்தா கடந்துபோய் நான்கு நாள் ஆகியிருந்தது. இங்கே, ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் புயல் பக்கத்தில் வந்தது. கடந்துபோன புயலுக்கும் வரப்போகிற புயலுக்கும் ஒரே விதி பொருந்தாது.

கே: கடைசியில் விட்டுக்கொடுத்தது யார்? யார் பக்கம் தவறு? (ஒரு கல்லூரி ஆசிரியர், திருச்சி)

அக்டோபர் 13 அன்று முடிவு வந்தது. ஆட்டம் நவம்பர் 19-இல், லூசியானாவின் சொந்த ஊரான பேட்டன் ரூஜில். விட்டுக்கொடுத்தது ஃப்ளோரிடா. பதிலுக்கு, பேட்டன் ரூஜில் நடக்க வேண்டியிருந்த 2017 ஆட்டம் கெயின்ஸ்வில்லுக்கு மாறியது. 2018 ஆட்டம் ஏற்கெனவே கெயின்ஸ்வில்லுக்குத்தான் குறிக்கப்பட்டிருந்தது.

லூசியானா ஏன் கெயின்ஸ்வில்லுக்கு நவம்பரில் வர மறுத்தது? வந்தால் தன் ஊரில் ஓர் ஆட்டம் குறையும். அதைப் பேராசை என்று கெயின்ஸ்வில்லில் பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அந்த ஆகஸ்டில்தான் பேட்டன் ரூஜ் சுற்றுவட்டாரம் பெருவெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. வீட்டுச் சுவரையே பெயர்த்தெடுத்துக் காயவைத்த ஊர். ஆட்ட நாள் வருமானத்தை நம்பி நிற்கும் உணவகக்காரரும் விடுதிக்காரரும் அங்கேயும் உண்டு. இரண்டு பக்கமும் தண்ணீரில் அடிபட்டவர்கள்தான்.

ஆசிரியரே, என் பார்வையில் தவறு இரண்டு பல்கலைக்கழகங்களின் மேலும் இல்லை. புயல் மாதங்களுக்கு நடுவே நடக்கும் ஒரு பருவத்துக்கு, புயல் வந்தால் யார் முடிவெடுப்பது, ஆட்டம் யார் ஊரில் நடக்கும் என்ற விதியை முன்கூட்டியே தெளிவாக எழுதி வைக்காததுதான் தவறு. ஆளுக்கொரு பக்கம் அறிக்கைவிட்டுப் பேரம் பேசும்படி அவர்களை நிறுத்தியது அந்த வெற்றிடம். லீக்கின் ஆணையர் கிரெக் சாங்கிக்கு முதல் நாளே முடிவெடுக்கும் முழு அதிகாரம் இருந்திருக்க வேண்டும்.

மனமிருந்தால் எப்படி நடத்தலாம் என்பதற்கு அதற்கு முந்தின ஆண்டே ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. 2015 அக்டோபரில் சவுத் கரோலினாவில் வெள்ளம். கொலம்பியா நகரில் குடிநீருக்கே திண்டாட்டம். அங்கே அக்டோபர் 10 அன்று நடக்கவிருந்த ஆட்டம் பேட்டன் ரூஜுக்கு மாற்றப்பட்டது. எதிரணி யார்? இதே லூசியானா ஸ்டேட்தான். தன் அரங்கத்தைத் திறந்துவிட்டு, செலவு போக மிஞ்சிய வருமானத்தை சவுத் கரோலினாவுக்கே கொடுத்தது. வெள்ளத்தில் சிக்கிய அணியின் வாத்தியக் குழு வர முடியவில்லை என்று, லூசியானாவின் வாத்தியக் குழுவே சவுத் கரோலினாவின் பாடல்களை வாசித்தது. எதிரணியின் கல்லூரிப் பாடலை நம் ஆட்கள் நம் மைதானத்தில் வாசிப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அதை வாசித்த மாணவர்கள் மீது எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

கே: ஆட்டம் ரத்தானால் நஷ்டத்தை யார் ஏற்பது? இயற்கைச் சீற்றம் என்றால் ஒப்பந்தம் செல்லாதா? (ஒரு வழக்கறிஞர், மதுரை)

உங்கள் துறைக்கே பொருத்தமான வழக்கு ஒன்று இருக்கிறது. 2017 செப்டம்பர் 9 அன்று மயாமி பல்கலைக்கழகம் ஆர்கன்சா ஸ்டேட்டின் ஊருக்குப் போய் ஆட வேண்டும். இர்மா சூறாவளி மயாமியை நோக்கி வந்ததால் போகவில்லை. ஆர்கன்சா ஸ்டேட் ஒப்பந்தப்படி 6,50,000 டாலர் கேட்டு 2018-இல் நீதிமன்றம் போனது. புயல் வந்தது மயாமிக்கு, ஆட்டம் நடக்கவிருந்ததோ புயலே இல்லாத ஊரில். அப்படியானால் இயற்கைச் சீற்ற விதிவிலக்கு செல்லுமா? வாதத்துக்கு நல்ல விஷயம். என்னைக் கேட்டால், புயல் வீட்டை நெருங்கும்போது பிள்ளைகளை வெளியூருக்கு விமானத்தில் அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்ப வழியில்லாமல் அங்கே மாட்டிக்கொள்வதை எந்தப் பெற்றோரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் மயாமி மாற்றுத் தேதியை இன்னும் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். பெரிய கல்லூரி தன் ஊருக்கு வருவது ஒரு சிறிய கல்லூரிக்குப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு.

கே: ஆடும் மாணவர்களைப் பற்றி யாராவது யோசிக்கிறார்களா? (ஓர் அம்மா, ஈரோடு)

போதுமான அளவு யோசிப்பதில்லை. நவம்பர் 19 அன்று ஃப்ளோரிடாவோடு மோதிய லூசியானா பையன்கள், ஐந்தே நாளில், 24-ஆம் தேதி, டெக்சாஸ் போய் இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். தேதி குறித்தவர்கள் இதைத் தெரிந்தேதான் குறித்தார்கள்.

இதைவிடக் கொடுமை 2005-இல் நடந்தது. கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது அங்குள்ள டுலேன் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. மாணவர்கள் நாடெங்கும் உள்ள கல்லூரிகளுக்குச் சிதறினார்கள். கால்பந்து அணி மட்டும் ஒன்றாக இருந்து, லூசியானா மாநிலத்தின் வடபகுதியில் ரஸ்டன் நகரில் இன்னொரு கல்லூரியில் தங்கிப் படித்தபடியே ஆடியது. 11 ஆட்டம், 11 வெவ்வேறு அரங்கங்கள். இரண்டில்தான் வென்றார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள், வீட்டின் கதி என்னவென்று தெரியாமல் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை பேருந்து ஏறினார்கள். அவர்களை ஆடவைத்தது சரியா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கலைந்துபோன கல்லூரிக்கு அந்த அணி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளமாக மிஞ்சியது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தச் சுமையைத் தூக்கச் சொல்லும் முன் அவர்களையே கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கே: எல்லாம் சொன்னீர்கள், ஆட்டத்தை வென்றது யார் என்று சொல்லவில்லையே! (ஒரு மாணவர், கோயம்புத்தூர்)

ஃப்ளோரிடா, 16–10. ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் எதிரி அரங்கத்தில். ஃப்ளோரிடாவின் ஆஸ்டின் ஆப்பிள்பி தன் எல்லைக் கோட்டருகே இருந்து வீசிய பந்தை டைரி கிளீவ்லண்ட் பிடித்து ஓடி, 98 யார்டு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பெறும் புள்ளிகள்) எடுத்தார். கடைசி நொடிகளில் லூசியானா, ஃப்ளோரிடாவின் எல்லைக் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்துக்கு வந்துவிட்டது. நான்காவது, இறுதி முயற்சி. டெரியஸ் கைஸ் பந்தோடு பாய்ந்தார். கோட்டுக்கு முன்னாலேயே மடக்கினார்கள், நேரமும் முடிந்தது. அந்த வெற்றியால் கிழக்குப் பிரிவு ஃப்ளோரிடாவுக்கு உறுதியானது. டிசம்பர் 3 அன்று அட்லாண்டாவில் நடந்த இறுதிப் போட்டியில் அலபாமா அவர்களை 54–16 என்று தோற்கடித்தது.

மாறி வந்த 2017 ஆட்டத்தில் லூசியானா கெயின்ஸ்வில்லில் 17–16 என்று வென்றது. டச் டவுனுக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் ஒரு புள்ளி உதையை ஃப்ளோரிடா தவறவிட்டது, அதே ஒரு புள்ளியில் தோற்றது. 2018-இல் அதே அரங்கத்தில் ஃப்ளோரிடா 27–19.