ரெண்டாவது சாட்சி சைன் போட்டப்ப அப்பா எங்க இருந்தார்?

கேள்வி: வக்கீல் சார், எங்கப்பா போன வருஷம் தவறிட்டார். அவர் சொந்தமா சம்பாதிச்சு கட்டின வீட்ட என் பேருக்கு உயில் எழுதி வெச்சிருக்கார். அக்கா, தங்கச்சி ரெண்டு பேருக்கும் நகை போட்டு கல்யாணம் பண்ணி குடுத்தாச்சு. அப்பா கடைசி காலத்துல அவங்க எட்டிக்கூட பாக்கல, ஆஸ்பத்திரி செலவு எல்லாம் நானும் என் மனைவியும்தான். இப்ப பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்காங்க. அப்பா சைன் பண்ணும்போது பக்கத்து வீட்டுக்காரர் கூட இருந்து சாட்சி கையெழுத்து போட்டார். இன்னொரு சாட்சி என் ஃப்ரெண்டு, அன்னைக்கு ஊர்ல இல்ல, ரெண்டு நாள் கழிச்சு நானே பேப்பர அவன் ஆபீசுக்கு எடுத்துட்டு போய் சைன் வாங்கினேன், ஆதாரத்துக்கு போட்டோவும் எடுத்து வெச்சிருக்கேன். அப்புறம் அப்பாவே நேர்ல வந்து ரிஜிஸ்டர் பண்ணி குடுத்தார். ரிஜிஸ்டர் ஆன உயில் செல்லும்தானே? அம்மா என் பக்கம்தான் இருக்காங்க.

பதில்: நகை போட்டது, எட்டிப் பாக்காதது, ஆஸ்பத்திரி செலவு, இத மொத்தமா ஓரமா வைங்க. அப்பா ஏன் பொண்ணுங்கள விட்டுட்டார்னு ஜட்ஜ் கேக்குற கட்டம் வந்தா அப்ப கொஞ்சம் உதவும், ஆனா அந்த கட்டத்துக்கே உங்க கேஸ் போகுமான்னுதான் எனக்கு சந்தேகம். உங்க லெட்டர்ல நான் ரெண்டு தடவ படிச்சது ஒரே ஒரு வரி, பேப்பர ஃப்ரெண்டு ஆபீசுக்கு எடுத்துட்டு போய் சைன் வாங்கினேன்ங்கிறது.

1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63வது பிரிவு கேக்குறது ரொம்ப கொஞ்சம்தான். ரெண்டு சாட்சி வேணும். ஒவ்வொருத்தரும் அப்பா சைன் போட்டத பாத்திருக்கணும், இல்லன்னா 'இது என் கையெழுத்துதான்'னு அப்பா வாயால ஒத்துக்கிட்டத கேட்டிருக்கணும். அப்புறம் ஒவ்வொருத்தரும் அப்பா கண்ணு முன்னாடி சைன் போடணும். ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல இருக்கணும்னு கூட இல்ல, ஒருத்தர் திங்கக்கிழமை இன்னொருத்தர் வியாழக்கிழமை போட்டாலும் சரி, ஆனா ரெண்டு தடவையும் அப்பா அங்க இருக்கணும். உங்க ஃப்ரெண்டு போட்டப்ப அப்பா இல்ல. அப்ப சட்டப்படி இந்த உயிலுக்கு ஒரு சாட்சிதான், ஒரு சாட்சி உயில் உயிலே இல்ல.

ரிஜிஸ்டர் பண்ணிட்டோமேன்னு கேக்குறீங்க, வர்ற எல்லாரும் இதத்தான் முதல்ல கேப்பாங்க. உயில கட்டாயம் ரிஜிஸ்டர் பண்ணணும்னே சட்டம் சொல்லல, பண்ணினா அப்பா ஆபீசுக்கு வந்தார், சைன் என்னுதுன்னு ஒத்துக்கிட்டார்ங்கிறது நிக்கும், சாட்சி குறைய அது ரொப்பாது. ரிஜிஸ்டர் பண்ணும்போது பின் பக்கத்துல ரெண்டு பேர் சைன் போட்டிருப்பாங்க, அவங்க இவர் இன்னார்தான்னு அடையாளம் காட்ட வந்தவங்க. அடையாள சாட்சியோ சப் ரிஜிஸ்ட்ராரோ அங்க சைன் போட்டதாலேயே பத்திரத்துக்கு சாட்சி ஆகிட மாட்டாங்க, சாட்சியா இருக்கணும்ங்கிற நோக்கத்தோட போட்டிருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1969லயே சொல்லிடுச்சு. உங்களுக்கு இருக்குற ஒரே மெல்லிசான கயிறும் இதுதான். அந்த ரெண்டு பேர் யாருன்னு முதல்ல பாருங்க. அப்பாவுக்கு தெரிஞ்ச சொந்தக்காரர் யாராவது இருந்து, 'நான் எழுதின உயில்தான், நான் போட்ட சைன்தான்'னு அப்பா சொன்னத கேட்டு, உயிலுக்கு சாட்சியாவே அப்பா முன்னாடி சைன் போட்டேன்னு அவர் உண்மையா சொல்ல முடிஞ்சா பேசிப் பாக்கலாம். பத்திர எழுத்தர் பக்கத்துல நின்ன ஆளா இருந்தா விட்டுடுங்க, நாள் முழுக்க யார் யாருக்கோ அடையாளம் காட்டுறவருக்கு உங்கப்பா முகம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

இனிமேதான் நான் பயப்படுற விஷயம். இத படிச்சதும் உங்களுக்கு என்ன தோணும்னு தெரியும், ஃப்ரெண்டுதானே, 'அப்பா முன்னாடிதான் போட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா. என் ஆபீசுக்கு வந்தவங்க எத்தனையோ பேர் இதே யோசனையோட வந்தாங்க, அதுல சிலர் என் பேச்ச கேக்காம வேற வக்கீல்கிட்ட போய் அப்படியே பண்ணவும் பண்ணாங்க. என்ன நடக்கும்னா, கோர்ட்ல உயில நிரூபிக்க ஒரு சாட்சிய கூப்பிட்டா போதும், பழைய சாட்சியச் சட்டம் 68, இப்ப 2024 ஜூலைல இருந்து பாரதிய சாக்ஷிய அதினியம் 67, ரெண்டும் அதத்தான் சொல்லுது. அப்ப பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் கூப்பிட்டு முடிச்சிடலாம்னு நினைப்பீங்க. முடியாது, ஏன்னா கூப்பிட்ட அந்த ஒருத்தர் தன் கையெழுத்த மட்டும் இல்ல, இன்னொரு சாட்சி போட்டதையும் சேத்து சொல்லணும்னு 2002ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிட்டு போயிடுச்சு. ஃப்ரெண்டு போட்டப்ப பக்கத்து வீட்டுக்காரர் அங்க இல்லவே இல்லையே. அப்ப ஃப்ரெண்டு கூண்டுல ஏறியே ஆகணும், ஏறி உண்மைய சொன்னா உயில் போச்சு, பொய் சொன்னா குறுக்கு விசாரணை.

குறுக்கு விசாரணைல யாரும் நேரா 'அப்பா இருந்தாரா'ன்னு கேக்க மாட்டாங்க. எத்தனை மணி, எந்த ரூம், அப்பா கட்டில்ல இருந்தாரா சேர்லயா, எந்த கைல கண்ணாடி மாட்டினார், பேனா யாருது, பக்கத்து வீட்டுக்காரர் அப்ப எங்க நின்னார், இப்படியே போகும். அதுக்கப்புறம் அந்த தேதில ஊர்ல இல்லைங்கிறதுக்கு பஸ் டிக்கெட்டோ ஆபீஸ் லீவ் ரெக்கார்டோ வரும், நீங்க அனுப்பின 'நாளைக்கு ஆபீசுக்கு வரேன், சைன் வேணும்' வாட்ஸ்அப் வரும். போதாததுக்கு போட்டோ வேற எடுத்து வெச்சிருக்கீங்க! அதுல ஃப்ரெண்டு இருக்கார், அவர் ஆபீஸ் டேபிள் இருக்கு, அப்பா இல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் தேடி அலைய வேண்டியத நீங்களே ஃபிரேம் போட்டு வெச்சிருக்கீங்க. உடனே டெலீட் பண்ணிடலாம்னு போன கைல எடுக்காதீங்க, ஆதாரத்த அழிச்சதுன்னு அது தனி தலைவலி.

கோர்ட்ல பொய் சாட்சி சொன்னா பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 229 படி 7 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. மாட்டுறது உங்க ஃப்ரெண்டு, சொல்லிக் குடுத்த நீங்களும்தான். அதோட நிக்காது. வீடு முழுக்க போறது உங்களுக்கு, சாட்சிகிட்ட பேப்பர் எடுத்துட்டு ஓடினதும் நீங்க. ஆதாயம் அடையறவரே முன்ன நின்னு ஏற்பாடு பண்ணின உயில்னா அந்த சந்தேகத்த அவரேதான் தீக்கணும்னு 1958லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, இதுல ஒரு பொய்யும் புடிபட்டா அப்பாவோட உண்மையான சைனையும் சேத்து நம்ப மாட்டாங்க.

இப்ப மனைவிய வெச்சோ வேற யாரையாவது வெச்சோ பழைய தேதி போட்டு சைன் சேக்கலாமான்னும் கேக்காதீங்க, அது ஃபோர்ஜரி. ரிஜிஸ்டர் பண்ணப் போன அன்னைக்கு அந்த ஃப்ரெண்டையும் கூட்டிட்டு போய் அப்பா முன்னாடி இன்னொரு தடவ போட வெச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். எழுதினவர் உயிரோட இருக்குற வீடுகள்ல இத படிக்கிறவங்க இன்னைக்கே எடுத்து பாருங்க.

சரி, உங்க கணக்குக்கு வருவோம். உயில் நிக்கலன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்க, அக்கா, தங்கச்சி, ஆளுக்கு நாலுல ஒண்ணு (உங்க பாட்டி, அப்பாவோட அம்மா, இருக்காங்கன்னா அவங்களுக்கும் சம பங்கு உண்டு, அத நீங்க எழுதல). அம்மா நிஜமாவே உங்க பக்கம்னா அவங்க பங்க உங்களுக்கு செட்டில்மென்ட் எழுதி குடுக்கலாம், அப்ப பாதி வீடு சண்டை இல்லாம உங்களுது. அம்மாவ அவசரப்படுத்தி எழுதி வாங்காதீங்க, நாளைக்கு அதுவே அடுத்த கேஸ் ஆகும். மீதி பாதிக்குத்தான் நீங்க பேசணும், அதனால பேசுங்க, பணமா குடுத்து ரெண்டு பேர்கிட்டயும் விடுதலைப் பத்திரம் (தன் பங்க விட்டுக் குடுக்குறேன்னு எழுதுற பத்திரம்) வாங்கி ரிஜிஸ்டர் பண்ணிக்கோங்க. வாய் பேச்சுல, வெள்ளப் பேப்பர்ல முடிச்சுக்காதீங்க. அவங்களுக்கும் வருஷக்கணக்கா பாகப்பிரிவினை கேஸ் நடத்த ஆசை இருக்காது, கைல ரிஜிஸ்டர் ஆன உயில் இருக்குங்கிறது அவங்க மனசுலயும் ஓடும், அதனால மார்க்கெட் ரேட்ட விட குறைச்சு ஒத்துக்க வாய்ப்பு இருக்கு. உங்க ஓட்டைய நீங்களே போய் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பொய் சொல்லி சைன் வாங்கினா அந்த பத்திரமும் நாளைக்கு உடையும். கௌரவம் பாத்துட்டு இருந்தீங்கன்னா, உயில நம்பி வீட்ட விக்கப் போனாலும் லோன் கேட்டாலும் கடைசில 'சிஸ்டர்ஸ் சைன் வேணும்'னுதான் சொல்லுவாங்க.

நோட்டீசுக்கு பதில் போடும்போது ஒண்ணு கவனிங்க. டைப் பண்றவங்க பழக்க தோஷத்துல 'ரெண்டு சாட்சிகளும் தகப்பனார் முன்னிலையில் கையொப்பமிட்டனர்'னு ஒரு வரி சேத்துடுவாங்க. அந்த வரி இருந்தா அடிச்சிட்டு அனுப்புங்க.