கேபிளும் டிஷ்ஷும் இல்லாமல் தொலைக்காட்சியில் கால்பந்து பார்க்க வழி உண்டா?

உண்டு. கேள்வியைப் படித்தால், நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், மொட்டை மாடியில் டிஷ் மாட்ட வீட்டுக்காரர் விடவில்லை, கேபிளுக்கு மாதாமாதம் பணம் அழவும் மனமில்லை என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். ஆனால் இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது: 1990 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை இவை இரண்டும் இல்லாமல் ஒரு தெருவுக்கே காட்டியவன் நான். நான் மட்டும்தான் பார்க்கவில்லை.

எங்கள் ஊர் பணகுடிக்குத் தெற்கே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் பாய்ந்து வரும் காற்றை இன்று காற்றாலைக்காரர்கள் காசாக்குகிறார்கள். அன்று அது எங்கள் ஆன்டெனாவைத் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தது. உலகக் கோப்பையும் சரியாக அந்த ஆனியில்தான் வந்து தொலைக்கும். பெரியப்பா வீட்டுக் கறுப்பு வெள்ளைச் சாலிடேர் பெட்டிக்காகத் தட்டட்டியில் (மொட்டை மாடிக்கு எங்கள் ஊர்ப் பெயர்) இருபதடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்தபடி ஆன்டெனா கட்டியிருந்தார்கள். தூர்தர்ஷன் மட்டும் வரும். அதுவும் நல்ல நாளிலேயே புள்ளி புள்ளியாக.

ஜூலை 8, ஞாயிற்றுக்கிழமை. ரோம் நகரில் மேற்கு ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் இறங்கியபோது நமக்கு இரவு பதினொன்றரை. முதல் ஆட்டத்தில் கேமரூன் ஒன்பது பேராகக் குறைந்தும் அர்ஜென்டினாவை 1-0 என்று சாய்த்த நாளிலிருந்து, மரடோனா எப்படி மீள்கிறார் என்று பார்ப்பதற்காகவே ஒரு மாதம் கண் விழித்தவன் நான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இழுவைக் கம்பி அறுந்து குழாய் சுற்றத் தொடங்கியது. கூட்டத்தில் இளையவன் என்பதால் என்னைத் தட்டட்டிக்கு ஏற்றிவிட்டார்கள். "எல, கொஞ்சம் கிழக்க திருப்பு... போதும், அப்படியே புடிச்சிக்க" என்று முற்றத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. கையை எடுத்தால் கீழே நாற்பது பேர் கத்துவார்கள். 85ஆவது நிமிடத்தில் கீழே ஒரு கணம் பேச்சே இல்லை, பிறகு ஒரே இரைச்சல். யார் போட்டது என்று கேட்டேன்; எவரும் பதில் சொல்லவில்லை. மேற்கு ஜெர்மனியின் பிரேமே பெனால்டியில் அடித்த கோல் அது என்பதைச் செவ்வாய்க்கிழமைப் பேப்பரில் படித்துத்தான் அறிந்தேன். அந்த ஆட்டத்தைத் தாம் காட்டியதாகப் பெரியப்பா கல்யாண வீடுகளில் இன்றும் சொல்கிறார். குழாயைப் பிடித்தவன் பெயர் அதில் வருவதில்லை.

பழம்பெருமை பேசுகிறேன் என்று பின்னூட்டத்தில் வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வழியை நான் இன்று சிபாரிசு செய்யவில்லை, செய்யவும் முடியாது. பழைய ஆன்டெனா பிடித்துவந்த கோபுரங்களில் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி மூடிவிட்டது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்பார்கள். மாதக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி உலகக் கோப்பையின் அரையிறுதி, இறுதி போன்ற ஆட்டங்களைத் தனியார் ஒளிபரப்பாளர் தூர்தர்ஷனுடன் பகிர்ந்தாக வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அதுவும் மாடியில் மாட்டும் டிஷ்தான், உங்கள் வீட்டுக்காரர் அதையும் விடமாட்டார்.

ஆகவே உங்களுக்கு மிஞ்சுவது இணையம். ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பெற்ற செயலியைத் தொலைக்காட்சியிலேயே நிறுவுங்கள், அல்லது மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கம்பி போடுங்கள். தினம் ஒன்றரை ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பாதீர்கள். படம் தெளிவாக வேண்டுமென்றால் அது இடைவேளையைத் தாண்டுவதே கடினம். திருட்டு இணைப்புகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை: இணையப் படம் டிஷ்ஷில் வருவதைவிடப் பல நொடிகள் பிந்தி வரும். 2022 டிசம்பர் 18 அன்று அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதியதை இப்படித்தான் பார்த்தேன். இம்முறை கையில் குழாய் இல்லை, நாற்காலியில் சாய்ந்திருந்தேன். எம்பாப்பே 80ஆவது நிமிடத்திலும் அடுத்த நிமிடத்திலும் போட்ட இரண்டு கோல்களும், கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி போட்டதும், டிஷ் வைத்திருக்கும் வடக்கு வீட்டுப் பையன்களின் கூச்சலாகத்தான் முதலில் எனக்கு வந்தன. ஆட்டம் தொடங்கும் முன்பே அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள், கைப்பேசியையும் அணைத்துவிடுங்கள்.