டெல்ஃபி: பீடம் மேலே, சிலை கீழே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபர் கடைசி வாரத்தில் நான், கணவர், 68 வயதான மாமியார் மூவரும் கிரேக்கம் போகிறோம். ஏதென்ஸில் நான்கு நாட்கள். அதில் ஒரு நாள் டெல்ஃபிக்கு. சுற்றுலாக் குழுவோடு போக விருப்பமில்லை. காலையில் பேருந்து பிடித்துப் போய், நாங்களே சுற்றிப் பார்த்துவிட்டு, ராத்திரியே ஏதென்ஸ் திரும்புவதாகத் திட்டம். ஆனால் ஏற்கெனவே போய்வந்த இரண்டு பேர், “அங்கே வெறும் உடைந்த கல்தான், வழிகாட்டி இல்லாமல் ஒன்றும் புரியாது” என்கிறார்கள். அப்படித்தானா? முதலில் இடிபாடுகளைப் பார்ப்பதா, அருங்காட்சியகத்தையா? குறி சொன்ன இடம் இப்போதும் இருக்கிறதா? மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. தினமும் வேதாகமம் வாசிப்பவர். “எனக்கு அங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்கிறார்.

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

வழிகாட்டி இல்லாமலே பார்க்கலாம், நன்றாகவே பார்க்கலாம். ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தை மட்டும் கைவிடுங்கள். ஓர் இரவு டெல்ஃபியில் தங்குங்கள்.

முதலில் அந்த ‘வெறும் கல்’ விஷயம். டெல்ஃபி ஒரு தனிக் கோயில் அல்ல. பர்னாஸஸ் மலைச் சரிவு முழுக்கக் காணிக்கைகளால் நிரம்பியிருந்த இடம். அப்போலோ என்ற கிரேக்கத் தெய்வத்திடம் குறி கேட்க வந்த ஒவ்வொரு கிரேக்க நகரமும், போரில் வென்றால் ஒன்று, பந்தயத்தில் வென்றால் ஒன்று, சுரங்கத்தில் வெள்ளி கிடைத்தால் ஒன்று என்று நேர்த்திக்கடன் செலுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து நகரம் வைத்ததைவிடப் பெரிதாக வைக்க வேண்டும் என்ற போட்டி வேறு. அந்தக் காணிக்கைகளில் பெரும்பகுதி கொள்ளை போனது, உருக்கப்பட்டது. மிஞ்சியவை மண்ணுக்குள் போய், அதன்மேல் காஸ்த்ரி என்று ஒரு கிராமமே குடியேறிவிட்டது. 1892இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அகழ்வைத் தொடங்கியபோது, அந்த ஊரையே பெயர்த்து மேற்கே தள்ளி வைத்தார்கள். நீங்கள் தங்கப்போகும் இன்றைய டெல்ஃபி அதுதான்.

தோண்டி எடுத்த சிலைகளும் சிற்பப் பலகைகளும் அருங்காட்சியகத்துக்குப் போயின. அவை நின்ற பீடங்கள் மட்டும் மலையில் இருக்கின்றன. பீடத்தை மட்டும் பார்த்தால் கல், சிலையை மட்டும் பார்த்தால் எங்கோ கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு சிலை. எந்தப் பீடத்தில் எது இருந்தது என்று பொருத்திப் பார்ப்பதுதான் டெல்ஃபியைப் பார்ப்பது. இரண்டு இடங்களுக்கும் இடையே சில நிமிட நடை, டிக்கெட்டும் ஒன்றே. ஆகவே மலையில் ஒவ்வொரு பீடத்தையும் அதன் பெயர்ப்பலகையோடு சேர்த்துப் படம் எடுங்கள். அருங்காட்சியகத்தில் அதற்குரிய பொருளின்முன் நின்று அந்தப் படத்தைத் திறந்து பாருங்கள். கிளம்புமுன், 1894இல் ஆல்பெர் தூர்னேர் என்ற கட்டடக் கலைஞர் இந்த வளாகம் முழுமையாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று வரைந்த ஓவியத்தை இணையத்தில் தேடிக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். சில விவரங்களைப் பிற்கால ஆய்வு திருத்தியிருக்கிறது. ஆனாலும் மலையில் நிற்கும்போது அதைப்போல் உதவுவது வேறில்லை.

இனி பயணம். ஏதென்ஸிலிருந்து டெல்ஃபி ஏறத்தாழ 180 கி.மீ., பேருந்தில் சுமார் மூன்று மணி நேரம். கேடெல் எனப்படும் வெளியூர்ப் பேருந்துகளுக்கு ஏதென்ஸில் இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு: கிஃபிசோஸ், லியோசியன். டெல்ஃபி வண்டி லியோசியனிலிருந்து கிளம்புவது. “பஸ் ஸ்டாண்ட்” என்று மட்டும் சொல்லி டாக்ஸி ஏறினால் கிஃபிசோஸில் கொண்டுபோய் விட்டுவிடலாம். வண்டியைத் தவறவிடுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தவறவிடுகிறார்கள். லிவாதியா தாண்டியதும் மலைப்பாதை, அரகோவா வரை வளைவுக்குமேல் வளைவு. வாந்தி வரும் என்றால் மாத்திரையை ஏதென்ஸிலேயே போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

உங்கள் தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அக்டோபர் 28 கிரேக்கத்தில் தேசிய விடுமுறை. அன்று தொல்லியல் இடங்களுக்கு நுழைவு இலவசம், ஆகவே கூட்டம். பேருந்து நேரங்களும் மாறும். முடிந்தால் அந்த நாளைத் தவிருங்கள். கோடையில் இரவு 8 மணிவரை திறந்திருக்கும் வளாகம், செப்டம்பரிலிருந்து படிப்படியாக முன்னதாக மூடப்படும். நவம்பர் பிறந்தால் பிற்பகல் 3.30க்கே கதவை அடைப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள், அதன் பிறகு சீக்கிரமே இருட்டிவிடும். கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் அந்த வாரத்து நேரத்தையும் கட்டணத்தையும் பார்த்து, டிக்கெட்டையும் அங்கேயே வாங்குங்கள். பயணப் புத்தகங்களில் இருக்கும் கட்டணம் பழையது.

தங்கச் சொல்வது ஏன் என்றால், வளாகம் காலை 8 மணிக்குத் திறக்கும். ஏதென்ஸிலிருந்து காலையில் கிளம்பும் எந்த வண்டியும் பத்தரைக்குமுன் வந்து சேர்வது அரிது. அந்த இரண்டரை மணி நேரம் மலை உங்களுடையது. குழுக்கள் வந்துசேர்ந்து மலையேறும்போது நீங்கள் இறங்கி அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். ஒரே நாளில்தான் முடியும் என்றால் வரிசையை மாற்றுங்கள். பதினொன்றுக்கு வந்து இறங்கியதும் அருங்காட்சியகம், குழுக்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் மலை.

மலைக்கு மூன்று மணி நேரம் வையுங்கள். தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும் ஷூ. இருபத்தைந்து நூற்றாண்டுக் கால் பட்டு வழவழப்பான கல், காலைப் பனியில் வழுக்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

நுழைந்ததும் புனித வழி மேற்கு நோக்கி ஏறும். இருபக்கமும் பீடங்கள். வேகமாகக் கடந்துபோகத் தோன்றும், போகாதீர்கள். இடக்கைப் பக்கம் சிஃப்னோஸ் கருவூலத்தின் அடித்தளம் வரும். கருவூலம் என்றால் காணிக்கைப் பொருட்களை வைக்க ஒவ்வொரு நகரமும் கட்டிய, கோயில் வடிவிலான சிறு மண்டபம். சிஃப்னோஸ் தங்கச் சுரங்கமும் வெள்ளிச் சுரங்கமும் இருந்த குட்டித் தீவு. கி.மு. 525 வாக்கில் அந்தச் செல்வத்தில் கட்டியது இது. இன்று சில வரிசைக் கற்கள்தான், ஆனால் இதைப் படம் எடுத்தே ஆக வேண்டும். கீழே இதன் சிற்பங்களைப் பார்க்கும்போது ஏன் என்று தெரியும்.

அடுத்த திருப்பத்தில் நிற்பது ஏதென்ஸ் கருவூலம். 1903–06இல் பழைய கற்களைக்கொண்டே மறுபடி எழுப்பியது. மேலே தெரியும் சிற்பங்கள் நகல். பக்கத்தில் கூம்பு வடிவக் கல் ஒன்று இருக்கும். டெல்ஃபியே உலகின் மையம் என்று கிரேக்கர்கள் நம்பினார்கள். அந்த மையத்தின், அதாவது உலகின் தொப்புளின் அடையாளம் இதுதான் என்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். கம்பளி வலை போர்த்தியதுபோல் செதுக்கிய தொப்புள்கல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னும் மேலே கோயிலின் கிழக்கில், மூன்று பாம்புகள் முறுக்கிக்கொண்ட வெண்கலத் தூண் நிற்கும். கி.மு. 479இல் பிளாத்தையாவில் பாரசீகரை வென்றதற்குக் கிரேக்க நகரங்கள் சேர்ந்து வைத்தது. நீங்கள் பார்ப்பது நகல். அசலை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் புதுத் தலைநகருக்குக் கொண்டுபோனார். இன்றும் இஸ்தான்புல்லில் திறந்தவெளியில் நிற்கிறது.

அதற்குமுன் நீங்கள் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, பெரும்பாலானவர்கள் நிற்பதே இல்லை. கோயில் மேடையைத் தாங்கும் நெடுஞ்சுவர். கி.மு. 548இல் பழைய கோயில் எரிந்தபின், புதிய கோயிலுக்கு மேடை அமைக்கக் கட்டியது. ஒரு கல்கூடச் சதுரமில்லை. அடிக்கல்லின் வளைவுக்கு ஏற்ப மேல்கல்லைச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். நீளவாக்கில் நேர்க்கோடு எங்கும் இல்லாததால் கற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இத்தனை நிலநடுக்கத்துக்குப் பிறகும் அது நிற்கிறது. இரண்டடி தூரத்தில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி தலையைப் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். வெறும் கல் என்று நினைத்த இடம் முழுக்க எழுத்து. விரல் நகம் அளவு கிரேக்க எழுத்துகள், வரிவரியாக. அவை அடிமைகளின் விடுதலைப் பத்திரங்கள், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அடிமையை அப்போலோவுக்கு விற்றதாக எழுதுவார்கள். விலையைப் பெரும்பாலும் அடிமையே சேர்த்துக் கொடுத்திருப்பார். தெய்வம் வாங்கிய ஆளை இனி யாரும் உரிமை கொண்டாட முடியாது. பெயர், விலை, சாட்சிகள் எல்லாம் உண்டு. ‘எஜமானர் சாகும்வரை உடனிருந்து ஊழியம் செய்ய வேண்டும்’ என்ற நிபந்தனையோடு கிடைத்த விடுதலைகளும் அங்கே இருக்கின்றன. தொடக்கூடாது, கண்ணால் மட்டும் பாருங்கள். டெல்ஃபியில் மன்னர்களின் காணிக்கை போய்விட்டது. இந்தப் பெயர்கள் வெட்டிய இடத்திலேயே இருக்கின்றன, எனக்கு இதைவிடப் பெரிய காட்சி அந்த மலையில் இல்லை.

குறி சொன்ன இடத்தைக் கேட்டிருந்தீர்கள். இன்று தெரியும் கோயில், கி.மு. 373 நிலநடுக்கத்தில் முந்தையது விழுந்தபின் கட்டியது. அகலத்தில் 6, நீளத்தில் 15 தூண்கள். அவற்றில் ஆறு தூண்களைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். கிழக்கே சரிவுமேடை ஏறி உள்ளே போக, மேற்குக் கோடியில் இருந்தது அப்போலோவின் பெண் பூசாரியான பித்தியா அமர்ந்து குறி சொன்ன கருவறை. அதில் பார்க்கும்படி எதுவும் மிஞ்சவில்லை, கோயிலுக்குள் இறங்கவும் விடமாட்டார்கள். ஆகவே வாசலில் நின்று தேடாதீர்கள். மேலே அரங்கு வரை ஏறுங்கள். 35 வரிசை, சுமார் 5,000 பேர் உட்காரும் அரங்கு. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் கோயிலின் தரைப்படமே விரித்துவைத்ததுபோல் கீழே கிடக்கும். சரிவுமேடை எது, கருவறை எந்த மூலை என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

ஓட்டப்பந்தயத் திடல் இன்னும் கால்மணி நேர ஏற்றம். ஓடுதளம் 177.55 மீட்டர். மேலே செங்குத்துப் பாறைகளிலிருந்து கல் உருண்டு விழுவதுண்டு, அதனால் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். கால் வலித்தால் விட்டுவிடுங்கள், குறையொன்றும் இல்லை.

அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். சிலை மாதிரியே நின்று பக்கத்தில் படம் எடுத்தால் காவலர்கள் கடிந்துகொள்வார்கள், கிரேக்கத்தில் எங்கும் அப்படித்தான்.

சிஃப்னோஸ் சிற்பப் பலகைகளை இப்போது பாருங்கள். உயரம் 64 செ.மீ.தான். வடக்குப் பக்கத்தில் தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் போர். தேரில் பூட்டிய சிங்கம் ஒன்று, ஓர் அசுரனை இடுப்போடு கவ்விக் கடிக்கிறது. காலையில் நீங்கள் கடந்துவந்த அந்த அடித்தளத்தின்மேல், தலைக்கு மேலே, வண்ணம் பூசி ஓடிய பட்டை இது. நக்ஸோஸ் தீவினர் வைத்த ஸ்ஃபிங்க்ஸ் (பெண் தலையும் சிங்க உடலும் சிறகும் கொண்ட உருவம்) 2.22 மீட்டர். அது மலையில் பத்து மீட்டர் தூணின்மேல் உட்கார்ந்திருந்தது. அண்ணாந்து பார்க்கச் செய்ததை நாம் இன்று நேருக்குநேர் பார்க்கிறோம். 1939இல் புனித வழியின் தளத்துக்கு அடியில் கிடைத்த குழிப் பொருட்களும் இங்கே: எரிந்து கருகிய தந்த முகங்கள், தங்கத் தகடுகள், இரண்டு மீட்டருக்குமேல் நீளமான வெள்ளிக் காளை. தெய்வத்துக்குக் கொடுத்ததை வெளியே எறியக்கூடாது. ஆகவே தீயில் சேதமானதை வளாகத்துக்குள்ளேயே புதைத்தார்கள். கொள்ளையர் கையில் சிக்காமல் போனது அதனால்தான். ஏதென்ஸ் கருவூலச் சுவரில் இருந்த கற்களும் உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டுத் துதிப்பாடல், பாடலின் எழுத்துகளுக்குமேல் சுரக்குறிகள்.

கடைசியில் தேரோட்டி. 1896இல் கிடைத்த வெண்கலம், 1.80 மீட்டர். சிசிலியின் கெலா நகரத்துப் பொலிஸாலோஸ் தேர்ப்பந்தய வெற்றிக்கு வைத்த காணிக்கை, கி.மு. 470களைச் சேர்ந்தது. பகுதி பகுதியாக வார்த்து ஒட்டியிருக்கிறார்கள். முதலில் முகத்துக்கு நேரே நில்லுங்கள். பதித்த கண்மணி, செம்பு உதடு, ஒன்றிரண்டு இமை முடி. பிறகு குனிந்து பாதத்தைப் பாருங்கள். நரம்பும் தசைநாரும் தெளிவாகத் தெரியும். இந்தச் சிலை ஒரு தேருக்குள் நின்றது. அந்தப் பாதங்களைத் தேரின் பக்கப்பலகை மறைத்திருக்கும், கீழேயிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. இடுப்புக்குக் கீழே உடல் நீண்டு தெரிவதும் அதே காரணத்தால்தான். பின்பக்கமும் சுற்றி வாருங்கள், காற்றில் அங்கி உப்பாமலிருக்க முதுகில் குறுக்கே கட்டிய வாரைக்கூட விடவில்லை.

மாலையில் சாலையோரமாகக் கிழக்கே ஒரு கிலோமீட்டர் போனால் அதீனா கோயில் வளாகம். அங்கே தொலோஸ் எனப்படும் வட்ட வடிவக் கட்டடம். வெளிச்சுற்றில் இருந்த 20 தூண்களில் மூன்றை 1938இல் நிறுத்தினார்கள். நடைபாதை எல்லா இடத்திலும் இல்லை, பேருந்துகள் வளைவில் வேகமாக வரும். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி இடப்பக்கமாக நடங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும்.

மாமியாரை மலையில் ஏதென்ஸ் கருவூலத்துக்குமேல் ஏற்ற வேண்டாம். அதுவரை மெதுவாக வரலாம். நீங்கள் மேலே போகும்போது அவர் கீழே இறங்கி அருங்காட்சியகத்துக்குப் போய்விடட்டும். உள்ளே மலையைப்போல் ஏற்றம் இல்லை. தொலோஸைச் சாலையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். அவர் கேட்டதற்குப் பதிலும் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், கொரிந்துவில் பவுலை நியாயாசனத்துக்கு முன்னால் கொண்டுவரும்போது அகாயாவின் அதிபதியாக இருந்தவன் கல்லியோன். பேரரசர் கிளாடியஸ் டெல்ஃபிக்கு எழுதிய கடிதம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருந்தது, அதில் அந்தக் கல்லியோனின் பெயர் வருகிறது. கி.பி. 52ஐ ஒட்டிய அந்தக் கடிதத்தை வைத்துத்தான் பவுல் கொரிந்துவில் இருந்த காலத்தைக் கணிக்கிறார்கள். உடைந்த துண்டுகள்தான். பெரிய சிலைகளைத் தேடும் கண்ணுக்குத் தப்பிவிடும். வாசலிலேயே பணியாளரிடம் “கல்லியோ கல்வெட்டு எங்கே?” என்று கேட்கச் சொல்லுங்கள்.